இஷிமாவும் சித்தியும்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றைக் குறித்து இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம்முடைய வீடுகள் பலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாதிருந்த காலம் உண்டு. பெட்டி வந்த பின்னும் செய்தி நேரத்தில் மட்டும் அதைத் திறந்து, மற்ற வேளைகளில் துணி போட்டு மூடி வைத்த வீடுகளும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. மனைவியை இழந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகவும், அவருடைய மகளுக்கு மாற்றாந்தாயாகவும் தில்லிக்கு வந்தவள் நான். என்னைப் போன்றவர்களின் வாழ்க்கையைக் கதையாக்கிய தொடர் ஒன்று ஆறு ஆண்டுகள் இந்த தேசத்தின் வீடுகளில் ஓடியது. அதைப் பார்த்தவர்கள் என் முன்னிலையில் சொன்ன கருத்துகள், தொடர் முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் என்னை விட்டு நீங்கவில்லை. அவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'யே ஹை மொஹப்பதேன்' என்பது அந்தத் தொடரின் பெயர். ஏக்தா கபூரின் பாலாஜி டெலிஃபிலிம்ஸ் தயாரிப்பு. ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் 2013 டிசம்பர் 3 அன்று தொடங்கி 2019 டிசம்பர் 18 அன்று முடிந்தது. மொத்தம் 1,800க்கும் மேற்பட்ட பாகங்கள். தொடக்கத்தில் இரவு 11 மணிக்குத்தான் ஒளிபரப்பினார்கள். பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, ஒலியைக் குறைத்துக்கொண்டு பார்த்தவர்கள் பலர். பிற்பாடு வரவேற்பைக் கண்டு மாலை வேளைக்கு மாற்றினார்கள்.

கதை தில்லியில் நடக்கிறது. ராமன் பல்லா பஞ்சாபிக்காரர், பெரிய நிறுவனத்து அதிகாரி. அவருடைய மனைவி ஷகுன், அவருடைய முதலாளியான அசோக் கன்னாவோடு போய்விடுகிறாள். மூத்தவனாகிய ஆதித்யா தாயிடமும், சிறியவளாகிய ரூஹி தகப்பனிடமும் இருக்கிறார்கள். அடுத்த வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண் இஷிதா ஐயர் பல் மருத்துவர். அவளுக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால் நிச்சயித்த கலியாணம் நின்றுபோகிறது. தாயில்லாத ரூஹியின் மேல் அவளுக்கு உண்டாகும் பாசமே கதையின் வேர். அந்தக் குழந்தைக்காகவே ராமனை மணந்துகொள்கிறாள். ரூஹி அவளை 'இஷிமா' என்று அழைக்கிறாள். திவ்யங்கா திரிபாதி இஷிதாவாகவும், கரண் படேல் ராமனாகவும், அனிதா ஹசநந்தானி ஷகுனாகவும் நடித்தார்கள். ரூஹியாக வந்த ருஹானிகா தவன் என்னும் சிறுமிக்காகவே பார்த்தேன் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

இந்தக் கதைக்கு மூலம் ஒரு நாவல். மஞ்சு கபூர் ஆங்கிலத்தில் எழுதி 2011ஆம் ஆண்டு வெளியான 'கஸ்டடி'. நாவலில் இஷிதா தமிழ்ப் பெண் அல்ல. தமிழ்க் குடும்பத்தைத் தொடருக்காகவே சேர்த்தார்கள். நாவலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீடு அப்பொழுது மயூர் விஹாரில் இருந்தது. புதன்கிழமை சகோதரிகள் ஜெபக்கூட்டம் முடிந்ததும் தேநீர் அருந்துகிற அரைமணி நேரத்தில், பிள்ளைகளின் பரீட்சை, ஊருக்குப் போக இரயில் முன்பதிவு, வாடகை உயர்வு என்று பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைசியில் இந்தத் தொடரில் வந்து நிற்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவரும் கண்ட இஷிதா வேறு வேறு.

முதலில் எழுந்தது நம்முடைய மானப் பிரச்சினை. கரோல் பாக்கிலிருந்து வரும் மூத்த சகோதரி ஒருவர் நாற்பது ஆண்டுகளாகத் தில்லியில் இருப்பவர். "எந்தத் தமிழ்ப் பெண்மணி அடுக்களையில் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக நிற்கிறாள்? வாக்கியத்துக்கு ஒருதரம் 'ஐயோ' என்று அலறுகிறாள்?" என்று கேட்பார். இஷிதாவாக நடித்தவர் போபாலைச் சேர்ந்தவர், தாயாக நடித்த நீனா குல்கர்னி மராத்திக்காரர். அவர்கள் வாயில் தமிழ் படும் பாட்டைக் கேட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனாலும் அதே சகோதரி ஒரு நாளும் தொடரைத் தவறவிட்டதில்லை. "மதராசி என்று நம்மைக் கேலி செய்த ஊரில், கதாநாயகி நம்மவளாக வருகிறாளே" என்பார். பல்லா வீட்டின் கோழிக்கறியும் கொட்டு மேளமும், ஐயர் வீட்டின் காப்பியும் கட்டுப்பாடும் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்ட ஆரம்பப் பாகங்கள், பஞ்சாபிகளுக்கு மத்தியில் குடியிருக்கும் எங்களுக்குப் பழகியவைதானே? அந்தச் சண்டைகளைப் போல இயல்பான எதுவும் பின்னர் அந்தத் தொடரில் வரவில்லை என்பது என் கருத்து.

செவிலியராக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் அந்தத் தொடரின் மேல் கடுங்கோபமாக இருந்தார். பிள்ளையில்லாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கு, அந்தக் குறையை ஈடுகட்ட இன்னொருத்தியின் குழந்தையைக் கொடுக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். "கர்ப்பப்பை காய்க்காத பெண் தனியாக நின்றால் அவளுக்குக் கதை இல்லையா? அவள் யாருக்காவது தாயாகியே தீரவேண்டுமா?" என்று கேட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் பதில் சொல்லவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக் கழுவப் போனோம்.

இன்னொரு சகோதரி கணவனைப் பிரிந்தவர். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் தகப்பனோடு, ஒருத்தி இவரோடு. ரூஹியைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஆதித்யாவைப் பற்றித்தான் பேசுவார். தாயோடு போன அந்தப் பையன் இஷிதாவிடம் முகம் கொடுக்காமல் முரண்டு பிடிக்கிற காட்சிகள் வரும்பொழுது, மற்றவர்கள் "இந்தப் பயலுக்கு இத்தனை திமிரா" என்பார்கள். அவரோ, "அவன் ஒருவன்தான் அங்கே உண்மையாக நடந்துகொள்கிறான்" என்பார். குடும்பம் உடைந்ததற்கு யாராவது கோபப்பட வேண்டாமா, பெரியவர்கள் எல்லாரும் சமாளித்துக்கொள்கிறார்களே என்பது அவருடைய எண்ணம். நீதிமன்றக் காட்சிகளைப் பார்த்து அவர் சிரித்ததும் நினைவிருக்கிறது. கலியாணம் செய்துகொண்டால் பிள்ளை கிடைத்துவிடும் என்பதுபோல் கதை போயிற்று. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம் குழந்தையின் நலனைத்தான் பார்க்கச் சொல்கிறது. விவரம் அறியும் வயதுள்ள பிள்ளையானால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. "என் மகனிடம் கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்" என்றார் அவர். அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்படி ஒவ்வொருவரும் தாங்கள் நிற்கும் இடத்திலிருந்து அந்தத் தொடரைப் பார்த்தார்கள். என்னிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் ஒருவர் சட்டென்று என்னைப் பார்ப்பார், மற்றவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். வாசக சகோதரிகளே, உங்களில் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவர்கள் இருந்தால் அந்தப் பார்வை உங்களுக்குத் தெரியும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஆசிரியையாக இருந்த எனக்குத் திருமணமாகும்பொழுது வயது முப்பத்தேழு. ஆண்டு 2012. என் கணவரின் முதல் மனைவி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் நோயினால் இறந்துபோனார். மகளை நாகர்கோவிலில் தாய்வழிப் பாட்டி வளர்த்து வந்தார். எங்கள் திருமணத்துக்குப் பிறகு, திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு நாளைக்கு மேலாகப் பயணம் செய்து, பாட்டியே அவளைத் தில்லியில் கொண்டுவந்து விட்டார். அவளுக்கு அப்பொழுது ஒன்பது வயது. நிஜாமுதீன் நிலையத்தில் இறங்கியதும் பாட்டி அவளுடைய கையை எடுத்து என் கையில் வைத்து, "இது உனக்க சித்தி, மக்களே" என்றார்.

அந்தச் சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். இன்றுவரை நான் அவளுக்குச் சித்திதான்.

தில்லியில் இதற்கு விளக்கம் சொல்லி மாளாது. மேல்தளத்தில் குடியிருந்த பஞ்சாபி அம்மையார் நல்லவர். கீரையும் மக்காச்சோள ரொட்டியும் செய்தால் எங்களுக்கு ஒரு பங்கு வரும். அவர் தொடரைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குழந்தை இஷிமா என்கிறது பார். மா என்கிற எழுத்து அதிலே இருக்கிறது. உன் பெண் உன்னை என்னவோ வேறாகக் கூப்பிடுகிறாளே, பழக்கிவிட வேண்டியதுதானே?" என்பார். இந்தியில் மாற்றாந்தாயைக் குறிக்கும் 'சௌதேலி மா' என்பது வசைச்சொல்லுக்கு அடுத்த நிலை. யாரும் அதை நேருக்கு நேர் சொல்லி அழைப்பதில்லை. ஆகையால் அந்த மொழியில் ஒரு குழந்தைக்கு இரண்டே வழிதான்: அம்மா என்று அழைக்கவேண்டும், அல்லது பெயரோடு எதையாவது ஒட்டவேண்டும். தொடர் எழுதியவர்கள் 'இஷிமா' என்று கண்டுபிடித்தது கெட்டிக்காரத்தனம்தான்.

நமக்கோ அந்த நெருக்கடி இல்லை. மாற்றாந்தாய் என்பது புத்தகத்தில் இருக்கிற சொல், வீட்டில் யாரும் அப்படி அழைப்பதில்லை. தாயின் தங்கையும் சித்தி, தகப்பனின் தம்பி மனைவியும் சித்தி, தகப்பனின் இரண்டாம் மனைவியும் சித்தி. அக்காள் இறந்துபோனால் தங்கையையே அந்த வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த வழக்கம் நம்முடைய குடும்பங்களில் இருந்தது. 1999ஆம் ஆண்டு சன் தொலைக்காட்சியில் ராதிகா நடித்த தொடர் தொடங்கியபொழுது 'சித்தி' என்ற ஒரு சொல்லே தலைப்பாகப் போதுமானதாக இருந்தது. அந்தப் பெயருக்குள் ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கிறாள், அவளுக்கு இளையவளாக நான் வருகிறேன். இதை அந்த அம்மையாருக்கு என்னுடைய அரைகுறை இந்தியில் எப்படிச் சொல்வது? 'மௌசி மாதிரி' என்று சொன்னேன். "மௌசி என்றால் தாயின் சகோதரி அல்லவா? நீ எப்படி?" என்று அவர் என்னை விடவில்லை.

அம்மா என்று அழைக்கப் பழக்கச் சொன்னவர்கள் அவர் மட்டும் அல்லர். எங்கள் கூட்டத்துச் சகோதரிகளிலும் இருவர் அன்போடுதான் சொன்னார்கள். நான் அதற்கு இணங்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தன் தாயின் குரல் நினைவிருக்கிறது. அந்தத் தாய் அவளை எங்கும் விட்டுவிட்டுப் போகவில்லை. நோயில் படுத்து, கடைசி நாள்வரை அவளுடைய தலையை வாரிவிட முயன்றவர். அவருடைய அழைப்பை எடுத்து நான் சூடிக்கொள்ள வேண்டுமா? தலை வாரும்பொழுது மகள் ஒருநாள் என்னிடம், "எங்க அம்மா இரட்டைப் பின்னல் போடுவாங்க. நீங்க ஒண்ணே போடுங்க, சித்தி" என்றாள். அதன்பின் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை ஒற்றைப் பின்னல்தான். பள்ளியில் இரட்டைப் பின்னல் கட்டாயம் என்று இரண்டுமுறை குறிப்பேட்டில் எழுதி அனுப்பினார்கள். நானும் இரண்டுமுறை பதில் எழுதி அனுப்பினேன்.

இந்த நிலையில்தான் பாட்டியின் கருத்து வந்தது. அந்தத் தொடரைத் தமிழில் மறுஆக்கம் செய்து, 2014 முதல் 'கல்யாணம் முதல் காதல் வரை' என்ற பெயரில் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். பிரியா பவானி சங்கரும் அமித் பார்கவும் நடித்தார்கள். நாங்கள் தில்லியில் இந்தியில் பார்க்க, பாட்டி நாகர்கோவிலில் தமிழில் பார்த்தார். ஞாயிறு மாலைகளில் தொலைபேசியில் பேத்தியும் பாட்டியும் கதையை ஒப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே பெயர்கள் வேறு. ஆனாலும் விட்டுப்போன முதல் மனைவி, தாய்க்கு ஏங்கும் சிறுமி, பக்கத்து வீட்டுப் பெண் என்ற எலும்புக்கூடு ஒன்றுதான்.

ஒரு ஞாயிறன்று மகள் பேசி முடித்தபின் பாட்டி என்னைக் கூப்பிட்டார். வழக்கமான நலம் விசாரிப்புக்குப் பிறகு, "மக்களே, அந்தப் பிள்ளையப் பெத்தவளப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அங்க ஒருத்தரும் இல்லியா?" என்று கேட்டார்.

"அவள் விட்டுவிட்டுப் போனவள்தானே அம்மா, கதையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றேன்.

"அது தெரியும். அவ கெட்டவளா இருந்தாத்தான் இவ நல்லவளா ஆகமுடியுமா?"

அன்பானவர்களே, இந்தத் தொடரைக் குறித்து நான் கேட்ட எல்லாக் கருத்துகளிலும் இதுவே மிகவும் கூர்மையானது. ஷகுனை எத்தனை கெட்டவளாகக் காட்டுகிறார்களோ அத்தனை எளிதாக ரூஹியின் பாசம் இஷிதாவின் பக்கம் போய்விடுகிறது. பார்க்கிற நமக்கும் மனதில் உறுத்தல் இல்லை. குழந்தைக்கும் உறுத்தல் இல்லை. பெற்ற தாய்க்குத் துரோகம் செய்கிறோமோ என்ற எண்ணம் அந்தச் சிறு உள்ளத்தில் எழுவதற்கே இடம் வைக்கவில்லை. உண்மையான வீடுகளில் நடப்பது வேறு. சித்தி சமைத்த குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லவே ஒரு பிள்ளை தயங்குகிறது. சொன்னால் அம்மாவின் குழம்பு என்ன ஆவது? இறந்துபோன நல்ல தாயின் இடத்துக்கு வருகிறவளுக்கு வில்லியே கிடையாது. ஒரு சட்டமிட்ட புகைப்படமும், அலமாரியில் மடித்து வைத்த நான்கு புடவைகளும், ஊரில் மகளைப் பறிகொடுத்த ஒரு முதியவளுமே இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை.

பாட்டி தன்னைப் பற்றித்தான் கேட்டார் என்பது எனக்கு விளங்கியது. தில்லிக்குப் போன பேத்தி, அங்கே கிடைத்த பாசத்தில் தன் மகளை மறந்துவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. அந்த வாரம் மகளுடைய தாயின் புகைப்படத்தைப் படுக்கையறையிலிருந்து எடுத்து வரவேற்பறையில் மாட்டச் சொன்னேன். என் கணவர் யோசித்தார். வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றார். மகள் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

தொடர் அதன் பின் எங்கெங்கோ போய்விட்டது. பாதியில் ஷகுன் மனம் திருந்துகிறாள். அது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. பாட்டி கேட்ட நல்ல வார்த்தை தாமதமாகவேனும் வந்ததே என்று எண்ணினேன். பிறகு வந்தது பீஹூவின் கதை. ராமனுக்கும் இஷிதாவுக்கும் சொந்தக் குழந்தை வேண்டும் என்று, ஷகுனே வாடகைத் தாயாகிப் பெற்றுக் கொடுக்கிறாள். 2016ஆம் ஆண்டு கதையை ஏழு ஆண்டுகள் முன்னுக்குத் தள்ளினார்கள். சிறுமி ரூஹி ஒரே நாளில் பருவப்பெண்ணாகி, வேறொரு நடிகை அந்த இடத்துக்கு வந்தார். கடத்தல், கொலை, செத்தவர் பிழைத்து வருதல் என்று இந்தித் தொடர்களின் வழக்கமான சரக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கள் புதன்கிழமை வட்டத்தில் பலர் அத்தோடு விட்டுவிட்டார்கள். கரோல் பாக் சகோதரி மட்டும் கடைசிவரை பார்த்தார்.

ஆனால் பீஹூவின் வரவு எங்கள் வீட்டில் ஒரு கேள்வியை உண்டாக்கியது. மகளுக்கு அப்பொழுது பதின்மூன்று வயது. கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்போ ரூஹி போதலையா, சித்தி?"

இஷிதா என்னும் பாத்திரத்தின் மேல் நான் வைத்திருந்த மரியாதையெல்லாம் இந்தக் கேள்வியின் முன் என்னாயிற்று என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முன்னூறு, நானூறு பாகங்களுக்கு மேல் 'பெற்றால்தான் பிள்ளையா' என்று பேசிவிட்டு, கடைசியில் இரத்த உறவைக் கொண்டுவந்து வைத்தார்கள். செவிலியர் சகோதரி சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று எனக்குத் தோன்றிற்று. எங்களுக்கு வேறு பிள்ளைகள் இல்லை. திருமணமான புதிதில் உறவினர்கள் மருத்துவரைப் பார்க்கச் சொன்னதும், நானும் என் கணவரும் பேசி அது வேண்டாம் என்று தீர்மானித்ததும் மகளுக்குத் தெரியாது. அன்று அவளிடம் அதைச் சொன்னேன். "எங்களுக்குப் போதும் என்று தோன்றியது" என்றேன். அவள் மறுபடியும் கணக்கில் குனிந்துகொண்டாள். சற்று நேரம் கழித்து, அந்தக் கணக்கு வரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தாள். அன்றைக்கு அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

பதினைந்து வயதில் அவளுக்குக் கடவுச்சீட்டு எடுத்தோம். விண்ணப்பத்தில் தாயின் பெயர் என்ற கட்டம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அவளே எழுதினாள். என் பெயருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. மாற்றாந்தாயோ மாற்றாந்தகப்பனோ முறைப்படி பிள்ளையைத் தத்தெடுக்க இந்த நாட்டில் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் வந்த 2017ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளில் அதற்குத் தனி முறையே வகுத்தார்கள். 2022ஆம் ஆண்டின் புதிய விதிகளிலும் அது உண்டு. 2022 செப்டம்பர் முதல், தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கலாம். விவரம் வேண்டுவோருக்குப் பயன்படட்டும் என்று இதைச் சொல்லுகிறேன். விட்டுப்போன தகப்பனால் அல்லலுறும் பிள்ளைகளுக்கும், சொத்துரிமை, மருத்துவச் சம்மதம் போன்ற காரியங்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. எங்கள் வீட்டில் அதைப்பற்றிக் கேட்டபொழுது மகள், "சித்தி, அப்படிச் செஞ்சா எங்க அம்மா பேரு எங்க போகும்?" என்றாள். நாங்கள் அதன் பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும்பொழுது அவள் மஞ்சு கபூரின் நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். அவள் முடித்ததும் நான் படித்தேன். தொடரில் தெய்வப் பிறவியாக வந்த இஷிதாவை அங்கே காணோம். நாவலின் இஷிதா குழந்தையை ஒருவரோடும் பங்கிட மனமில்லாதவள். பெற்றவள் பிள்ளையைப் பார்க்க வரும் நாட்களே அவளுக்கு வேதனை. முடிவில் தாய்க்கு ஒரு பிள்ளை, தகப்பனுக்கு ஒரு பிள்ளை என்று வழக்கு தீர்ந்துவிடுகிறது. உடன்பிறந்த இருவர் இரண்டு வீடுகளில். தொடரைப் பார்த்து அழுத என் தோழிகளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் பாதியில் மூடிவிடுவார்கள். எனக்கோ நாவலே நேர்மையாகத் தெரிந்தது. மகளுடைய கருத்து இரண்டுக்கும் மேலே போயிற்று. "புத்தகத்திலும் சரி, டிவியிலும் சரி, யாருமே அந்தப் பிள்ளைகிட்ட எதுவும் கேட்கலையே" என்றாள்.

அவளுக்கு இப்பொழுது இருபத்திரண்டு வயது. பெங்களூரில் வேலை. மேல்தளத்து அம்மையார் மகனோடு நொய்டாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். பண்டிகை நாட்களில் தொலைபேசியில் பேசும்பொழுது, "இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறாளா?" என்று கேட்கத் தவறுவதில்லை.

பாட்டி 2023ஆம் ஆண்டு காலமானார். செய்தி கிடைத்ததும் நாங்கள் மூவரும் திருவனந்தபுரம்வரை விமானத்தில் போய், அங்கிருந்து காரில் நாகர்கோவில் சேர்ந்தோம். வீடு நிறைய உறவினர்கள். என் கணவரை எல்லாருக்கும் தெரியும், என்னைத் தெரிந்தவர்கள் இரண்டொருவரே. பெட்டியின் பக்கத்தில் பெண்கள் இருந்த பாயின் ஓரமாக நான் உட்கார்ந்தேன். மகள் வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். எதிரே இருந்த வயதான அம்மாள் ஒருவர் அவளிடம், "இது யாரு மக்களே?" என்று கேட்டார்.

"எங்க சித்தி" என்றாள்.

அந்த அம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு நகர்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "இளையவளா? அம்மைக்க சாடை அப்படியே இருக்கு" என்று சொல்லி, வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் எனக்கு இடம் செய்து கொடுத்தார். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எழுந்து போய் அங்கே உட்கார்ந்தேன்.